விரலில் ஒட்டிய கோடு

ஏகாம்பரம் கேட்டது சின்னக் கேள்விதான்.

“அம்மா, ஒண்ணைத் தெரிஞ்சுக்கிறதுன்னா என்ன?”

காட்டம்மா உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. குடிலின் மண்சுவரைக் காட்டினார். விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பூச்சி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்துவிட்டால் போதும், அந்தக் காட்டில் பொழுது சாயும்போது எங்கே திரும்பினாலும் இதுதான் பறக்கும்.

“இது என்ன பூச்சின்னு சொல்லுங்க. அப்புறம் பேசலாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுக் காட்டம்மா குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனார்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரம் ஆரணியில் பட்டுக்கடை வைத்திருந்தவர். அறுபதை நெருங்கும் வயதில் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் இந்தக் கோயில்காட்டுக்கு வந்து சேர்ந்தார். குருவின் பெயர் பூங்காவனம். ஊர் அவரைக் காட்டம்மா என்று கூப்பிடும். சீடருக்கு மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு.

சொந்தக்காரர்கள் குதியோ குதி என்று குதித்தார்கள். “உங்க வயசென்ன, அந்தப் பொம்பளை வயசென்ன? அவ காலடியிலயா போய் உக்காரப் போறீங்க?”

“ஆமாய்யா, அங்கேதான்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. அந்த வீம்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

கடையில் அவருக்குப் பெரிய பேர் இருந்தது. புடவையைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு தேய்ப்பு. “பாவு நூல் பட்டு. ஊடை நூல்ல கலப்பு.” சொன்னால் சொன்னதுதான். கொண்டுவந்த நெசவாளி தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். இன்னொன்றும் உண்டு. பூச்சி என்றாலே அவருக்கு ஆகாது. அலமாரியில் புகுந்து துணியை அரித்துவிட்டுப் போகிற அந்துப்பூச்சியோடு வாழ்நாள் பூராவும் மல்லுக்கட்டியவர்.

அப்படிப்பட்ட மனிதர் சுவரில் இருந்த பூச்சியை என்ன செய்வார்? லபக்கென்று பிடித்தார். இறக்கையை இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். வெறும் பழுப்பு. கோடு இல்லை, புள்ளி இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத்தானா இத்தனை பீடிகை? இது மொட்டைப்பூச்சி அல்லவா!

மொட்டைப்பூச்சியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால் கோயில்காட்டை ஒட்டின மேற்குச் சரிவில் அதன் புழுக்கள் இறங்கி, மரங்களில் ஓர் இலை விடாமல் தின்று தீர்த்தன. இறக்கை வெறும் பழுப்பாக இருக்கும், ஒரு குறியும் இருக்காது. மரமெல்லாம் மொட்டையாக நின்றதும், நோய் வந்துவிட்டது, இனி தேறாது என்று சொல்லி மொத்தத்தையும் வெட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது கட்டையும் கல்லும் வெயிலும்தான்.

மறுநாள் காலையில் அரிசி வாங்க ஊருக்குப் போனார் ஏகாம்பரம். டீக்கடையில் தர்மகர்த்தா தாண்டவராயன் உட்கார்ந்திருந்தார். கோயில்காட்டுக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல சிரிப்புக்காரர், யாரையும் முகம் கோணப் பேசமாட்டார். புதுசாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். முன்கூடத்தில் வேங்கை மரத்தில் தூண் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட வேங்கை இருப்பது கோயில்காட்டில் மட்டும்தான்.

“வாங்க சாமி. காட்டுல என்ன விசேஷம்?”

“விசேஷம் என்ன, பூச்சிதான்.”

“என்ன பூச்சி?”

இதற்குத்தானே ஏகாம்பரம் வழி பார்த்துக்கொண்டிருந்தார்!

“வேற என்ன, மொட்டைப்பூச்சி. நானே தேய்ச்சுப் பார்த்தேன்.”

தாண்டவராயன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நல்லாப் பார்த்தீங்களா?”

“நாப்பது வருஷம் பட்டைத் தேய்ச்ச விரல் ஐயா இது. ஒரு தரம்கூடத் தப்பு சொன்னதில்லை.”

“அப்ப நம்ம காடும் நோயில விழுந்துடுச்சுன்னு சொல்றீங்க.”

அந்த இடத்திலாவது ஏகாம்பரத்துக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாக்கில் சனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

“மொட்டைப்பூச்சி வந்துட்டா அப்புறம் என்ன? விழுந்த மாதிரிதான்.”

தாண்டவராயன் எழுந்து நின்றார். கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. குடில் வாக்கு வந்துடுச்சு. வர வெள்ளிக்கிழமை எல்லைக்கல்லுக்கு முன்னாடி கூடிக்கலாம். நான் ரம்பத்துக்குச் சொல்லி வைக்கிறேன்.”

அப்போதுதான் ஏகாம்பரத்துக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது.

அந்தக் காட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. கன்னிமார் குடியிருக்கும் காடு, பச்சை மரத்தில் கத்தி படக்கூடாது. ஒடிந்து விழுந்த கிளையைக்கூட ஊரார் விறகுக்கு எடுக்கமாட்டார்கள். அதற்கு ஒரே ஒரு விலக்கு. காட்டுக்குள் இருக்கும் குடிலில் இருந்து ‘காடு நோயில் விழுந்தது’ என்று வாக்கு வந்தால் வெட்டலாம். அந்த வாக்கைக் குரு கொடுத்தாலும் சரி, சீடர் கொடுத்தாலும் சரி, இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். இதெல்லாம் ஏகாம்பரத்துக்குத் தெரியாததல்ல. பேசுகிற நேரத்தில் மறந்து போயிற்று. பெருமை பேசும்போது யாருக்குத்தான் எது ஞாபகம் வருகிறது?

குடிலுக்குத் திரும்பினார். அரிசிப் பையை இறக்கி வைக்காமலே நடந்ததைச் சொன்னார்.

காட்டம்மாவுக்குக் கோபம் வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“பூச்சியைப் பத்திக் கேட்டது நான். பதிலை டீக்கடையில போய்ச் சொல்லிட்டு வந்தீங்களா?”

“தப்புத்தான் அம்மா. ஆனா பூச்சி மொட்டைப்பூச்சிதான். அதுல தப்பில்லை.”

“எப்படித் தெரியும்?”

“தேய்ச்சுப் பார்த்தேன்.”

“விரலைக் காட்டுங்க.”

காட்டினார். கட்டைவிரலின் ரேகைகளுக்குள்ளே சாம்பலும் வெள்ளையுமாக எதுவோ பளபளவென்று அப்பியிருந்தது. ராத்திரி கையைத் துடைத்த துண்டிலும் அதே கறை.

“இது என்ன?”

“தூசி.”

“எங்கேர்ந்து வந்தது?”

ஏகாம்பரம் விரலைத் துண்டில் இன்னொரு தரம் துடைத்தார்.

காட்டம்மா சுவரைக் காட்டினார். விளக்கு மாடத்துக்குக் கீழே இன்னொரு பூச்சி ராத்திரியிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தது. “கிட்டப் போங்க. தொடாம பாருங்க.”

குனிந்து பார்த்தார். சாம்பல் இறக்கையின் குறுக்கே, கை நடுங்கினவர் போட்ட தையல் மாதிரி, வெள்ளையாக ஒரு கோணல் கோடு ஓடியது. ஓரத்தில் கருப்பாக ஒரு புள்ளி இருந்தது.

“நேத்துப் பூச்சிக்கும் இந்தக் கோடு இருந்திருக்குமா அம்மா?”

“இருந்துச்சு. இப்ப உங்க விரல்ல இருக்கு.”

ஏகாம்பரம் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷம் சோறு போட்ட விரல். அதை வெட்டி எறிந்துவிடலாமா என்று தோன்றியது அவருக்கு. அவமானம் அப்படிப் பிடுங்கியது.

“நீங்க மாத்திச் சொல்லிடுங்க அம்மா. உங்க பேச்சுக்கு மேல யாரு?”

“குடில்ல ரெண்டு வாக்கு கிடையாது. கொடுத்தவர்தான் திரும்ப வாங்கணும்.”

“அப்ப நான் வாங்கிக்கிறேன்.”

“வாங்கினவர் எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே போயிடணும். அப்புறம் காட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது. எப்பவுமே.”

அரிசிப் பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“இது என்னம்மா நியாயம்?”

“வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும்னு எவரோ வச்ச நியாயம்.”

ஏகாம்பரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடை இப்போது மகனுடையது. சொந்தக்காரர்களிடம் வாயாடிவிட்டு வந்தாயிற்று. ‘அந்தப் பொம்பளை துரத்திட்டாளாமே?’ என்று ஆரணி பூராவும் சிரிக்கும். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தக் குடில், இந்தச் சுனை, காலையில் மரங்களுக்கு ஊடே விழுகிற வெளிச்சம், எதைக் கேட்டாலும் சுவரைக் காட்டுகிற இந்தக் குரு, இதெல்லாம் இல்லாமல் இனி எப்படி இருப்பது? ஆயுசு பூராவும் தேடி இப்போதுதான் கிடைத்த இடம்.

“கோடு இருக்குன்னா அது நல்ல பூச்சிதானே அம்மா? இந்தக் காட்டை ஒண்ணும் பண்ணாதே?”

“கோடு இருந்தா நல்லதுன்னு யாரு சொன்னது? கரையைப் பார்த்துட்டுப் புடவைக்கு விலை சொல்லுவீங்களா?”

“இல்லை.”

“பின்னே?”

காட்டம்மா அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். “கையைப் பின்னால கொண்டுபோங்க.”

இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். ஒரு மருத மரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். “பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் கீரை ஆய ஆரம்பித்தார்.

ஏகாம்பரம் பார்த்தார். மரம்தான் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு பூச்சியும் கிடையாது. கொசு கடித்தது. முதுகு வலித்தது. அடுத்து, சொல்லி வைத்த மாதிரி, மூக்கு நுனி அரிக்க ஆரம்பித்தது.

“அம்மா, மூக்கு அரிக்குது.”

“அரிக்கட்டும்.”

“ஒரு நிமிஷம் அவிழ்த்து விடுங்களேன்.”

“கை அவிழ்ந்தா அடுத்து மரத்தைத் தேய்ப்பீங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். போய்விடலாமா என்று ஒரு கோபம். ‘போகத்தானே போகிறோம், பார்த்துவிட்டே போவோம்’ என்று ஒரு வீம்பு. வீம்புதான் ஜெயித்தது. வெயில் கொஞ்சம் நகர்ந்தது. பட்டையில் ஒரு சில்லு மெல்ல நடந்து போவதைப் பார்த்தார்.

பட்டை நடக்குமா? பூச்சி!

ஒன்று கண்ணில் பட்டதும் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. மரம் பூராவும் அதுதான். இவ்வளவு நேரம் அதன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு ஒன்றுமில்லை என்று முனகியிருக்கிறார். பல பூச்சிகளுக்குக் கோணல் கோடு பளிச்சென்று இருந்தது. சிலவற்றுக்கு மங்கிப்போயிருந்தது. மழையில் அடிபட்டு, மரத்தில் உரசி, இறக்கை நைந்த ஒன்றிரண்டுக்குக் கோடே இல்லை. வெறும் பழுப்பு.

அவருக்குத் திக்கென்றது. “அம்மா, கோடு இல்லாததும் இருக்கு. மொட்டைப்பூச்சியும் கலந்து வந்திருக்கோ என்னமோ.”

“இருக்கலாம்.”

“எப்படிப் பிரிக்கிறது?”

“நீங்கதான் பார்க்கறீங்க. நான் கீரை ஆயறேன்.”

ஏகாம்பரம் மறுபடி பார்த்தார். இந்த முறை இறக்கையை விட்டுவிட்டார். பூச்சி எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று பார்த்தார். அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தாழ்ந்த கிளை. மழைக்குப் புதுசாக விட்ட கொழுந்து, பச்சைப் பசேலென்று. மேற்குச் சரிவில் மொட்டைப்பூச்சி கொழுந்தாகப் பார்த்துத்தான் முட்டை வைத்தது என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறார். பொழுது சாய்ந்தது. பூச்சிகள் இறக்கையைப் படபடத்துக்கொண்டு கிளம்பின. கிளைக்குப் போகவில்லை. கீழே இறங்கின. அடிமரத்தைச் சுற்றி மக்கிக் கிடந்த சருகுக்குள் நுழைந்தன. ஒரு பூச்சி சருகின் அடிப்பக்கம் வயிற்றை அழுத்தி அழுத்தி முட்டை வைத்தது. கோடு உள்ளதும் அங்கேதான் போயிற்று, கோடு அழிந்ததும் அங்கேதான் போயிற்று. கொழுந்துப் பக்கம் ஒன்றுகூடத் தலை வைக்கவில்லை.

“அம்மா! சருகுக்குத்தான் போகுது! எல்லாமே! உதிர்ந்ததுதான் அதுக்கு வேணும். பச்சை இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை!”

சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார். கொசுவும் மறந்துவிட்டது, மூக்கும் மறந்துவிட்டது.

காட்டம்மா வந்து பக்கத்தில் நின்றார். “ம்.”

“இதோட பேர் என்ன அம்மா?”

“ஐப்பசியில வருது. ஐப்பசிப் பூச்சின்னு சொல்லுவாங்க. இப்ப அந்தப் பேர் உங்களுக்குத் தேவையா?”

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தார். தேவையாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது. பூச்சி குற்றமில்லாதது என்றால் வெளியே போக வேண்டியது அவர்தான்.

“இங்கேயே இருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீங்க இருப்பீங்க. மரம் இருக்காது.”

“எனக்கு அழுகை வருது அம்மா.”

“அழுங்க. தப்பில்லை.”

கட்டை அவிழ்த்துவிட்டார் காட்டம்மா. ஏகாம்பரம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெகு நேரம் அழுதார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து துண்டை நீட்டினார்.

“மறுபடி கட்டிவிடுங்க.”

“எதுக்கு?”

“அங்கே கூட்டத்துல என் விரலைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. அது வரமாட்டேன்னு சொல்லணும்.”

காட்டம்மா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டினார். முதல் தடவையைவிட இறுக்கமாக.

எல்லைக்கல் காட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் மொட்டைச் சரிவு. ஊர் கூடியிருந்தது. ரம்பங்களுக்குக் குங்குமப் பொட்டு வைத்துச் சாய்த்திருந்தார்கள். தாண்டவராயன் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை கணக்காக நின்றார். பின்னால் கை கட்டப்பட்டு ஏகாம்பரம் வருவதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

“என்ன சாமி, உங்களை யாரு கைது பண்ணினது?”

“நானேதான்.”

“நல்லா இருக்கு வேடிக்கை. சரி, கல்லைத் தொட்டு வாக்கை ஒரு தரம் சொல்லிடுங்க. ஆளுங்க காத்திருக்காங்க.”

“நான் சொன்னது தப்பு.”

சிரிப்பு நின்றது.

“அது மொட்டைப்பூச்சி இல்லை” என்றார் ஏகாம்பரம். “சருகைத் தின்னுட்டு மரத்துக்கே உரமாப் போற பூச்சி. எனக்குப் பார்க்கத் தெரியலை.”

தாண்டவராயன் முகம் மாறவில்லை. அவரும் லேசுப்பட்டவரில்லை. மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு பூச்சி.

“இது இந்தக் காட்டுல பிடிச்சதுதான். கட்டை அவிழ்த்து விடறேன். ஊர் பார்க்க, உங்க கையாலயே தேய்ச்சுக் காட்டுங்க. கோடு தெரியுதா பழுப்பு தெரியுதான்னு பார்த்துடலாம்.”

“மாட்டேன்.”

“ஏன், பயமா?”

“எந்தப் பூச்சியைத் தேய்ச்சாலும் மொட்டைப்பூச்சிதான் தர்மகர்த்தாவே!”

கூட்டத்தில் யாரோ ஒருவர் ‘அதானே!’ என்றார். ரம்பக்காரர்களில் ஒருவர் குனிந்து தீப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “கோடு இருக்குதுங்களே” என்று சொல்லிவிட்டு, முதலாளி முறைப்பதைப் பார்த்துப் பின்வாங்கினார்.

தாண்டவராயன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வாக்கைத் திரும்ப வாங்கினா என்ன ஆகும்னு தெரியுமில்ல? இந்த வயசுல எங்கே போவீங்க? ரெண்டே ரெண்டு மரம் சாமி. பேசாம இருங்க. குடில்ல நிம்மதியா உக்காந்திருக்கலாம்.”

“ரெண்டு மரத்துக்கா இத்தனை ரம்பம்?”

ஏகாம்பரம் கல்லுக்கு முன்னால் முட்டி போட்டார். கைதான் கட்டியிருக்கிறதே, நெற்றியைக் கொண்டுபோய்க் கல்லில் வைத்தார். ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“காடு நோயில விழலை. என் வாக்கை நானே திரும்ப வாங்கிக்கிறேன்.”

எழுந்தார். காட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று அவருக்குத் தெரியும். பார்க்காமலே கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்.

வேலை இல்லை என்று தெரிந்ததும் ரம்பக்காரர்கள் கிளம்பினார்கள். ஊரும் கலைந்தது. தாண்டவராயன் மட்டும் வண்டியோடு வந்தார். கோபத்திலும் அவருக்கு மரியாதை போகவில்லை.

“ஏறுங்க. ஆரணியிலயே கொண்டுபோய் விட்டுடறேன்.”

ஏகாம்பரம் கல்லை ஒட்டி இருந்த ஒரு வெட்டுக்கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். “நான் வரலை.”

“வெளியே போகணும்னு வழக்கம்.”

“கல்லைத் தாண்டணும்னு வழக்கம். தாண்டியாச்சு.”

“இங்கேயா இருக்கப் போறீங்க?”

“இங்கேதான். இந்தச் சரிவு புறம்போக்கு. யாரு கேக்கறது? ஒரு முழம்கூட நகரமாட்டேன். நாளைக்கு நீங்க ரம்பத்தோட வந்தா முதல்ல என் மூஞ்சியிலதான் முழிக்கணும்.”

“இருந்து என்ன பண்ணுவீங்க? ஒதுங்க ஒரு நிழல் இருக்கா இங்கே?”

வண்டி போய்விட்டது.

மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்து ஒரு மழை வந்து ஆளை நனைத்துவிட்டுப் போயிற்று. காலையில் இருந்த வீராப்பெல்லாம் மழையோடு வடிந்துவிட்டது. நாலு எட்டில் காடு. அங்கே நிழல், சுனை, குடில். தாண்டவராயன் கேட்டது சரிதானே? இருந்து என்ன செய்வது? கையாவது அவிழ்ந்திருந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். அவிழ்க்கவும் ஆளில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் காட்டம்மா வந்தார். கல்லுக்கு உள்பக்கமே நின்றார்.

“முதுகைக் காட்டுங்க.”

ஏகாம்பரம் எழுந்துபோய்க் கல்லுக்கு வெளிப்பக்கம் முதுகைக் காட்டி நின்றார். காட்டம்மா கையை நீட்டிக் கட்டை அவிழ்த்தார். கல்லின் மேல் சோற்றுச் சட்டியை வைத்தார்.

“சாப்பிடுங்க.”

“பசிக்கலை அம்மா.”

“பொய் சொல்லாதீங்க. இன்னைக்குத்தான் ஒரு உண்மை சொல்லியிருக்கீங்க.”

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டுக் கேட்டார்:

“தெரியாதப்ப உள்ளே இருந்தேன். தெரிஞ்சுக்கிட்டதும் வெளியே வந்துட்டேன். இது என்னம்மா கணக்கு?”

காட்டம்மா எப்போதும் போலக் கையை நீட்டிக் காட்டினார். “நீங்க உக்காந்திருந்த கட்டையைப் பாருங்க. தொடாம.”

திரும்பிப் பார்த்தார். ஏதோ செத்த கட்டை என்றுதான் காலையிலிருந்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். மேற்குப் பக்கம், மண்ணை ஒட்டி, பட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு துளிர் வந்திருந்தது. கீழே நாலைந்து சருகு ஒதுங்கிக் கிடந்தது. காட்டிலிருந்து ஒரு சாம்பல் பூச்சி தத்தித் தத்திப் பறந்து வந்து, கல்லைத் தாண்டி, அந்தச் சருகுக்குள் நுழைந்தது.

ஏகாம்பரம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது உயிரோடவா இருக்கு? அப்ப இந்தச் சரிவே… ஒரு மழை பொறுத்திருந்தா மறுபடி துளிர்த்திருக்குமே அம்மா!”

“துளிர்த்திருக்கும்.”

காட்டம்மா இடுப்பில் முடிந்திருந்த துணியை அவிழ்த்தார். உள்ளே வேங்கை விதை, ஒரு கை நிறைய. அதைச் சீடரின் உள்ளங்கையில் கொட்டினார். விரலில் பழைய கறை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு கடப்பாரையையும் எடுத்து நீட்டினார்.

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. “என்ன இருந்தாலும் நான் இனிமே உள்ளே வரக்கூடாதே அம்மா.”

காட்டம்மா சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார். நடந்துகொண்டே சொன்னார்:

“நீங்க காட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு வழக்கம் இருக்கு. காடு உங்ககிட்ட வரக்கூடாதுன்னு எங்கேயாவது இருக்கா?”